கம்பத்தடியிலிருந்து: மின்சாரக் கேள்வி பதில்

‘மின்சாரம் பற்றிக் கேளுங்கள்’ என்று போன இதழில் ஆசிரியர் ஒரு சின்னப் பெட்டிச் செய்தி போட்டார். நாற்பது கடிதம் வரும் என்று எதிர்பார்த்தோம். நூறைத் தாண்டி வந்து குவிந்திருக்கிறது. அதில் பாதி, கட்டணத்தைப் பற்றிய புலம்பல். அதற்கு நான் ஆள் இல்லை. 1984இல் உதவியாளராகச் சேர்ந்து, வயர்மேன், லைன் இன்ஸ்பெக்டர், போர்மேன் என்று ஏறி, 2019இல் ஓய்வுபெற்றவன். தஞ்சை, திருவாரூர், நாகை மாவட்டங்களில் நான் ஏறாத கம்பம் குறைவு. எனக்குத் தெரிந்தது கம்பியும், கம்பியால் வரும் வம்பும்தான்.

கேள்வி: தனியார் மின் நிறுவனங்கள் பள்ளிக்குப் பை, ஆஸ்பத்திரிக்குக் கட்டில் என்று கொடுக்கின்றன. நம் மின்வாரியம் ஒரு பென்சில்கூடக் கொடுத்து நான் பார்த்ததில்லை. ஏன்? (வாசகர், பட்டுக்கோட்டை)

பென்சில் கொடுக்க லாபம் வேண்டும், ஐயா. 2013ஆம் ஆண்டுக் கம்பெனிச் சட்டத்தில் 135ஆவது பிரிவு என்று ஒன்று இருக்கிறது. நிகர மதிப்பு 500 கோடி, விற்றுமுதல் 1,000 கோடி, நிகர லாபம் 5 கோடி ஆகிய மூன்றில் ஏதாவது ஒன்றைத் தொட்டுவிட்ட நிறுவனம், முந்தைய மூன்று ஆண்டு லாபத்தின் சராசரியில் 2 சதவீதத்தை ஊர் நலனுக்குச் செலவிட வேண்டும். 2010 நவம்பரிலிருந்து நம் வாரியமும் கம்பெனிதான். ஆனால் ஆண்டுக்கணக்கில் நட்டத்திலேயே ஓடிய கம்பெனி. நட்டத்தில் இரண்டு சதவீதம் எடுத்தால் கடன்தான் கையில் வரும்.

லாபம் பார்க்கிற மத்திய அரசு நிறுவனங்கள் கொடுக்கின்றன; நன்றாகவும் கொடுக்கின்றன. ஊருக்கு ஊர் ராட்சதக் கோபுரங்கள் நட்டிருக்கும் பவர்கிரிட், டெல்லி எய்ம்ஸ் போன்ற ஆஸ்பத்திரிகளில் நோயாளியுடன் துணைக்கு வந்தவர்கள் தங்குவதற்கு விடுதி கட்டியிருக்கிறது. மனைவியின் சிகிச்சைக்காக ஆஸ்பத்திரி வராந்தாவில் பதினோரு இரவு தினத்தாள் விரித்துப் படுத்தவன் என்ற முறையில், அந்தக் கொடைக்கு நான் ஒரு கும்பிடு போடுவேன். என்.டி.பி.சி. நிறுவனம் 2018 முதல் தன் மின் நிலையங்களைச் சுற்றியுள்ள கிராமத்துச் சிறுமிகளை ஒரு மாதம் முகாமில் வைத்துப் படிப்பும் தற்காப்பும் சொல்லித் தருகிறது.

நம் ஊரில் இலவச மின்சாரம் இருக்கிறதே என்பீர்கள். 1984இல் சிறு விவசாயிகளுக்கு என்று தொடங்கி, பிறகு எல்லா விவசாயிகளுக்கும் வந்தது. 2016 முதல் வீடுகளுக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட். கைத்தறிக்கு 300, விசைத்தறிக்கு 1,000 யூனிட் என்று 2023இல் உயர்த்தினார்கள். இதெல்லாம் அரசின் கொடை. யாருக்காவது சலுகை கொடுக்க நினைத்தால், அந்தப் பணத்தை அரசு முன்கூட்டியே மின் நிறுவனத்துக்குக் கட்டிவிட வேண்டும் என்று 2003ஆம் ஆண்டு மின்சாரச் சட்டத்தின் 65ஆவது பிரிவு சொல்கிறது. வாரியம் இதில் பந்தி பரிமாறுகிற ஆள். சமையல் செலவு வேறு வீட்டுக் கணக்கு.

பை என்றீர்களே, ஒன்று சொல்கிறேன். ஓய்வுபெற்ற பிறகு ஒரு தனியார் மின் உற்பத்தி நிறுவனம், பெயர் வேண்டாம், கிராமப் பள்ளி ஒன்றில் பை வழங்கும் விழாவுக்கு என்னைக் கூப்பிட்டது. மாலை, பொன்னாடை, மேடையில் நாற்காலி. பழக்கதோஷத்தால் உட்கார்ந்ததும் அண்ணாந்து பார்த்தேன். அந்த நிறுவனத்தின் சொந்தக் கம்பியே, 33 ஆயிரம் வோல்ட், விளையாட்டுத் திடலின் ஓரமாகப் போகிறது. பந்தல்காரர் நட்டிருந்த மூலை மூங்கிலின் நுனிக்கும் கம்பிக்கும் இடையே ஒரு குடை விரித்தால் இடிக்கும். மூங்கில் உச்சியில் ஜிகினாத் தோரணம் வேறு காற்றில் ஆடிக்கொண்டிருந்தது. பக்கத்தில் இருந்த அதிகாரியின் காதில் சொன்னேன். நல்ல மனிதர், முகம் வெளுத்துவிட்டது. வரவேற்புரை நடக்கும்போதே மூங்கிலை இறக்கினார்கள். அப்புறம்தான் கவனித்தேன்: பையில் நிறுவனத்தின் சின்னம் உள்ளங்கை அகலத்துக்கு மின்னியது, திடலோரக் கம்பத்தில் மண்டையோட்டு எச்சரிக்கைப் பலகை இல்லை. பை கொடுக்கட்டும், வேண்டாம் என்று சொல்லவில்லை. முதல் ரூபாய் அந்தப் பலகைக்குப் போகட்டும் என்பது என் கட்சி.

கேள்வி: கொல்லையில் இரும்புக் கம்பிக் கொடி கட்டியிருக்கிறோம். மழை நாளில் ஈரத்துணியைப் போடும்போது விரலில் சுருக்கென்று ஏதோ இழுக்கிறது. ‘பிரமை’ என்கிறார் வீட்டுக்காரர். (வாசகி, திருவாரூர்)

பிரமை இல்லை, அம்மா. இதைப் படித்து முடித்ததும் கொல்லைப் பக்கம் யாரும் போகாதீர்கள். குழந்தைகள் இருந்தால் கதவைத் தாழிடுங்கள்.

நான் பார்த்த வீட்டுச் சாவுகளில் துணிக்கொடிதான் முதல் இடம். கம்பத்திலிருந்து உங்கள் வீட்டுக்கு வரும் சர்வீஸ் வயரை ஒரு ஜி.ஐ. கம்பியின், அதாவது துத்தநாகம் பூசிய இரும்புக் கம்பியின், மேல் கட்டி இழுத்திருப்பார்கள். இரண்டுக்கும் நடுவில் பீங்கான் வளையம் இருக்க வேண்டும். பல வீடுகளில் அது உடைந்து விழுந்து பத்து வருடம் ஆகியிருக்கும். வெயிலில் வயரின் மேல்தோல் கருவாடு மாதிரி வெடித்து, உள்ளே இருக்கும் அலுமினியம் அந்த ஜி.ஐ. கம்பியைத் தொடும், அல்லது தகரக் கூரையின் விளிம்பைத் தொடும். கூரையின் இரும்புக் குழாயில்தான் உங்கள் கொடியின் ஒரு முனையைக் கட்டியிருப்பீர்கள். காய்ந்த நாளில் ஒன்றும் தெரியாது. மழையில் எல்லாம் நனைந்து, நீங்கள் வெறுங்காலோடு சேற்றில் நின்று ஈரப்புடவையைக் கொடியில் வீசினால், மின்சாரம் தரைக்குப் போக நீங்களே பாதை.

இன்னொன்று முக்கியம். ‘மெயினை அணைத்துவிட்டேன், இனிப் பயமில்லை’ என்று போய்த் தொடாதீர்கள். மெயின் சுவிட்ச் வீட்டுக்குள் இருக்கிறது. கசிவு அதற்கு முன்னால், கூரையில் இருக்கிறது. நீங்கள் அணைத்தாலும் அங்கே மின்சாரம் அப்படியே நிற்கும். கம்பத்தில்தான் இணைப்பைக் கழற்ற வேண்டும். பிரிவு அலுவலகத்துக்குச் சொல்லுங்கள். இரவானால் 94987 94987 என்ற மின்னகம் எண்ணுக்குப் பேசுங்கள். ‘துணிக்கொடியில் மின்சாரம் வருகிறது’ என்று அதே சொற்களில் சொல்லுங்கள். ‘வீட்டில் கரண்ட் பிரச்சினை’ என்றால் விளக்கு எரியாத நூறு வீட்டோடு நூற்றியொன்றாகச் சேர்த்துவிடுவார்கள்.

கம்பியை எடுத்துவிட்டு நைலான் கயிறு கட்டுங்கள். வீட்டுக்காரரிடம் நான் சொன்னதாகச் சொல்லுங்கள்.

கேள்வி: எங்கள் வீட்டில் புதிய எம்.சி.பி. பெட்டி வைத்திருக்கிறோம். இனி ஷாக் அடிக்காதுதானே? (வாசகர், கும்பகோணம்)

அடிக்கும். எம்.சி.பி. என்பது உங்கள் வயரைக் காப்பாற்ற வந்த சாதனம். 16 ஆம்பியர் என்று எழுதியிருந்தால், 16,000 மில்லி ஆம்பியரைத் தாண்டினால்தான் அது விழித்துக்கொள்ளும். மனிதன் சாக அதில் முந்நூற்றில் ஒரு பங்கு போதும். உங்களைக் காப்பாற்றும் சாதனத்துக்கு ஆர்.சி.சி.பி. என்று பெயர். போன மின்சாரமும் திரும்பிய மின்சாரமும் சரிசமமா என்று அது கணக்குப் பார்த்துக்கொண்டே இருக்கும். 30 மில்லி ஆம்பியர் குறைந்தால், ‘இது யார் உடம்பு வழியாகவோ போகிறது’ என்று கண்ணிமைக்கும் முன் துண்டித்துவிடும். ஒரு நல்ல புடவையின் விலைதான். வாங்கும்போது 30 என்று எழுதியிருக்கிறதா என்று பாருங்கள்; 100, 300 என்பவை தீ விபத்தைத் தடுக்க. அதில் ‘டி’ என்று ஒரு பொத்தான் இருக்கும். மாதம் ஒரு முறை அழுத்துங்கள். விழவில்லை என்றால் சாதனம் செத்துவிட்டது என்று பொருள்.

கிரைண்டரின் மூன்று முனை பிளக்கில் பெரிய முனையை உடைத்துவிட்டு இரண்டு முனைத் துளையில் செருகியிருக்கும் வீட்டார் யாராவது இதைப் படித்தால், உங்களோடு எனக்குப் பேச்சே இல்லை.

கேள்வி: புயலில் கம்பி அறுந்து கிடந்தால் எவ்வளவு தூரத்தில் நிற்க வேண்டும்? கஜாவின்போது நீங்கள் எங்கே இருந்தீர்கள்? (வாசகர், முத்துப்பேட்டை)

முதலில் கம்பி. பத்துப் பதினைந்து தப்படி தள்ளி நில்லுங்கள். தண்ணீர் தேங்கியிருந்தால் இன்னும் தள்ளி. கம்பி கிடக்கும் இடத்தில் தரையே மின்சாரம் ஏறியிருக்கும், தூரம் போகப் போகக் குறையும். நீங்கள் அகலமாகக் கால் வைத்தால் முன்காலுக்கும் பின்காலுக்கும் வோல்ட் வித்தியாசம். அது ஒரு காலில் ஏறி மறுகாலில் இறங்கும். மாடுகள் அதிகம் சாவது இதனால்தான். முன்னங்காலுக்கும் பின்னங்காலுக்கும் அத்தனை இடைவெளி, நடுவில் இதயம். தெரியாமல் அருகே போய்விட்டால், இரு பாதத்தையும் ஒட்டி வைத்துக்கொண்டு, தரையிலிருந்து எடுக்காமல் தேய்த்துத் தேய்த்து வெளியே வாருங்கள். கேலி செய்பவர்கள் செய்யட்டும்.

கஜா 2018 நவம்பர் 16 அதிகாலையில் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையைக் கடந்தது. விழுந்த கம்பங்கள் மட்டும் ஒரு லட்சத்துக்கு மேல். எனக்கு ஓய்வுக்கு ஆறு மாதம் பாக்கி. வேதாரண்யம் பக்கம் அனுப்பினார்கள். போகும் வழியில் தென்னை ஒன்றுகூட நேராக நிற்கவில்லை. எல்லாம் ஒரே திசையில் படுத்துக் கிடந்தன, சீப்பால் வாரியதுபோல. கேரள மின்வாரியத்துக்காரர்கள் தங்கள் வண்டி, ஏணியோடு வந்து சேர்ந்தார்கள். சேறு முழங்கால் வரை. கம்பத்தைத் தூக்கிவரும் வண்டி உள்ளே போகாத இடத்தில் ஊர்க்காரர்கள் பதினைந்து இருபது பேர் தோள் கொடுத்துத் தூக்கி வந்தார்கள்.

பயம் எதில் தெரியுமா? ஜெனரேட்டரில். நான்காம் நாளிலிருந்து கடைக்காரர்களும் கல்யாண மண்டபங்களும் வாடகைக்கு ஜெனரேட்டர் எடுத்தார்கள். மெயினைக் கழற்றாமல் வீட்டு வயரிங்கிலேயே அதைக் கோத்துவிட்டால், மின்சாரம் சர்வீஸ் வயர் வழியாகத் தெருக்கம்பிக்கு வந்துவிடும். தெருவில் உள்ள டிரான்ஸ்பார்மர் 22,000 வோல்ட்டை 433 ஆக இறக்கித் தருகிற சாமான். அதற்குப் பின்பக்கமாக ஊட்டினால் அதே கணக்கில் ஏற்றித் தரும். மூன்று தெரு தள்ளி, செத்த கம்பி என்று நம்பி உயரழுத்த லைனைப் பிடித்திருப்பவன் கையில் ஆயிரக்கணக்கான வோல்ட். அதனால்தான் வேலை செய்யும் இடத்துக்கு இரண்டு பக்கமும் எர்த் ராடு மாட்டி, கம்பிகளைச் சேர்த்துத் தரையோடு கட்டிவிட்டு ஏறுவோம். எனக்கு ஒரு தலைமுறை இளைய பையன்களிடம், ‘தம்பி, ராடு மாட்டினாயா?’ என்று கேட்டே தொண்டை கட்டிப்போனது.

ஒரு நாள் மத்தியானம், கூரை போன வீட்டின் திண்ணையில் ஓர் ஆச்சி எங்கள் ஏழு பேருக்கும் கஞ்சியும் சுட்ட கருவாடும் கொடுத்தார். அவர் வீட்டில் இருந்த மொத்த அரிசியும் அதுவாகத்தான் இருக்கும். ‘முதலில் உங்கள் வீட்டுக்குத்தான் ஆச்சி விளக்கு’ என்றான் எங்கள் பையன் ஒருவன். ‘எனக்கு எதற்கு? அந்தத் தண்ணீர்த் தொட்டி மோட்டாருக்குக் கொடு’ என்றார். மோட்டாருக்குத்தான் கொடுத்தோம்.

கேள்வி: பறவை மட்டும் கம்பியில் ஜாலியாக உட்கார்ந்திருக்கிறதே, தாத்தா? (எட்டாம் வகுப்பு மாணவி, மன்னார்குடி)

இரண்டு காலும் ஒரே கம்பியில், கண்ணு. வோல்ட் வித்தியாசம் இல்லாத இடத்தில் மின்சாரத்துக்கு அங்கே வேலை இல்லை. அதே பறவை இறக்கையை விரித்துப் பக்கத்துக் கம்பியைத் தொட்டால் போச்சு. மயில்கள் அப்படி நிறையச் சாகின்றன. நீ மாடியில் பட்டம் விடாதே.

கேள்வி: எங்கள் ஊர்த் தேர்த் திருவிழாவுக்கு மின்வாரியத்திடம் என்ன கேட்க வேண்டும்? (திருவிழாக் குழு உறுப்பினர், பாபநாசம்)

2022 ஏப்ரல் 27 அதிகாலை, தஞ்சாவூரை அடுத்த களிமேட்டில் அப்பர் சதய விழாச் சப்பரத்தின் உச்சி உயரழுத்தக் கம்பியில் பட்டது. பதினோரு பேர் போய்விட்டார்கள். அந்த வட்டாரத்தில் வேலை பார்த்தவன். அதற்குமேல் எழுதக் கை வரவில்லை.

உங்களுக்கு வேண்டியது இவ்வளவுதான். தேரின் உயரத்தை அலங்காரத்தோடு, கலசத்தோடு, சீரியல் விளக்கோடு அளந்து எழுதுங்கள். வெறும் தேரை அளக்காதீர்கள். போகும் வீதிகளின் படம் வரைந்து, நேரத்தோடு, பிரிவு அலுவலகத்தில் கொடுத்து ஒப்புகை வாங்குங்கள். சாலையைக் குறுக்கே கடக்கும் உயரழுத்தக் கம்பி 6.1 மீட்டர் உயரத்தில் இருக்க வேண்டும், தாழ்வழுத்தம் 5.8 மீட்டர் என்பது விதி. ஆனால் பழைய தாரைச் சுரண்டாமல் மேலே மேலே தார் போட்டால் கம்பி அங்கேயேதான் இருக்கும், சாலை ஏறி வரும். போன வருடம் தட்டாமல் போன தேர் இந்த வருடம் தட்டும். திருவிழாவுக்கு முந்தின வாரம் வாரிய ஆளைக் கூட்டிக்கொண்டு வீதியை ஒரு சுற்று நடந்துவிடுங்கள். தேர் வீதியில் இருக்கும்வரை மின்சாரத்தை நிறுத்தச் சொல்லுங்கள், நிறுத்துவார்கள். ‘சாமி இருட்டில் வருவதா’ என்று ஊரில் யாராவது கேட்பார்கள். தீவட்டி இருக்கிறது.

கேள்வி: காட்டுப்பன்றித் தொல்லை தாங்கவில்லை. வேலியில் லேசாக மின்சாரம் விட்டால் என்ன? (விவசாயி, ஒரத்தநாடு)

லேசாக என்று ஒன்று கிடையாது. வீட்டு லைனைக் கொக்கி போட்டு வேலியில் விட்டால் 230 வோல்ட் இடைவிடாமல் நிற்கும். தொட்டவன் கையை எடுக்க முடியாது. 2023 மார்ச்சில் தருமபுரி மாவட்டம் மாரண்டஅள்ளி அருகே இப்படி ஒரு வேலியில் மூன்று யானைகள் செத்தன; இரண்டு குட்டிகள் பிணங்களைச் சுற்றிச் சுற்றி வந்தன. கடையில் விற்கும் சூரிய மின்வேலி நொடிக்கு ஒரு துடிப்பு மட்டும் கொடுக்கும், அடிக்கும், ஒட்டவைக்காது. அதற்கும் 2023இலேயே பதிவு விதிகள் வந்துவிட்டன, வனத்துறையில் கேளுங்கள். மற்றதைச் செய்தால் ஜெயில். பன்றி சாவதற்கு முன் உங்கள் மடை திறக்க வந்த ஆள் செத்துவிடுவான்.

கேள்வி: கம்பி அறுந்து விழுந்து ஒருவர் இறந்தால், ‘அது இயற்கைச் சீற்றம்’, ‘அவர் பார்த்துப் போயிருக்கலாம்’ என்று கைவிரிக்க முடியுமா? (சட்டக் கல்லூரி மாணவர், திருச்சி)

முடியாது. வக்கீல் பாஷை எனக்கு வராது. ஒரு வழக்கை மட்டும் சொல்கிறேன். மத்தியப் பிரதேசத்தில் ஒருவர் இரவில் சைக்கிளில் வீடு திரும்பும்போது சாலையில் கிடந்த கம்பியில் பட்டு இறந்தார். ‘வேறொருவன் திருட்டுத்தனமாகக் கொக்கி போட்டான், அந்தக் கம்பிதான் விழுந்தது, நாங்கள் என்ன செய்வோம்’ என்றது மத்தியப் பிரதேச மின்வாரியம். 2002 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. இவ்வளவு ஆபத்தான சரக்கை ஊருக்குள் அனுப்புகிறவர், அது தப்பி வெளியேறாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். கவனக்குறைவு இருந்ததா இல்லையா என்ற கேள்விக்கே இடமில்லை என்றது. கொக்கியையும் முன்கூட்டியே யோசித்திருக்க வேண்டும் என்று பொருள்.

பணியில் இருந்தபோது எங்களுக்கு இந்தத் தீர்ப்பு கசந்தது. ராத்திரி எவன் கொக்கி போடுகிறான் என்று நாங்கள் காவல் இருக்கவா? இப்போது தெருவில் நடந்து போகிறவனாக இருக்கிறேன்; சரியாகத்தான் சொல்லியிருக்கிறார்கள்.

கேள்வி: உங்களுக்கு எப்போதாவது ஷாக் அடித்திருக்கிறதா? (பல பேர்)

சின்னதாகப் பல தடவை. பெரியது ஒரு தடவை அடிக்க இருந்தது.

1991, ஆடி மாதம், காற்று. உயரழுத்தக் கம்பியில் ஒரு பீங்கான் மாற்ற வேண்டும். லைனைத் துண்டிக்கும் ஏ.பி. சுவிட்சின் கைப்பிடியை நான்தான் இறக்கினேன், பூட்டுப் போட்டேன், சாவியைச் சட்டைப்பையில் வைத்தேன். ‘லைன் கிளியர்’ என்று கத்திவிட்டு, எர்த் ராடைக்கூட எடுக்காமல், கம்பத்தில் காலை வைத்துவிட்டேன். ஆறடி ஏறியிருப்பேன். கீழே நின்ற எங்கள் போர்மேன், வெற்றிலை மென்றுகொண்டு, வெயிலுக்குப் புருவத்தில் கையை வைத்து, தூரத்தில் இருந்த சுவிட்சைப் பார்த்தார்.

“ஒன்று” என்றார். “இரண்டு” என்றார். வெற்றிலையைத் துப்பினார். “மூன்றாவது கத்தி எங்கேடா?”

சுவிட்சில் கம்பிக்கு ஒன்றாக இருக்கும் மூன்று கத்திகளில் ஒன்று துருப்பிடித்துச் சிக்கிக்கொண்டு திறக்கவே இல்லை. கைப்பிடி இறங்கியதைப் பார்த்த நான், மேலே எண்ணிப் பார்க்கவில்லை. இறங்கி வந்தேன். வேறு வழியில் லைனை நிறுத்திவிட்டு, எர்த் ராடு மாட்டி, அந்த வேலையை அவரே ஏறி முடித்தார். சாயங்காலம் வரை என்னோடு ஒரு வார்த்தை பேசவில்லை. அலுவலகம் திரும்பும் வழியில் டீக்கடையில் நிறுத்தி, எனக்கு மட்டும் இரண்டு வடை வாங்கிக் கொடுத்தார்.

இப்போது வீட்டில் கேஸ் அடுப்பை அணைத்தாலும், குனிந்து ஒன்று, இரண்டு என்று எண்ணிவிட்டுத்தான் நகர்கிறேன். எங்கள் அடுப்பில் இரண்டு பர்னர்தான். மூன்றாவதை எங்கே தேடுகிறீர்கள் என்று என் மனைவி தினமும் கேட்கிறாள்.